நட்டுக்கு வைத்த சிவப்புப் பொட்டு

இவருடைய பெயரை ஒரு தரம் சொல்லிவிடுகிறேன்: கதிர்காமு. கட்டினவரின் பெயரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இனி இவர் என்றால் அவர்தான். எங்கள் தீவில், புளியங்கூடலில் யாரிடம் கேட்டாலும், "சங்கக்கடை மனேச்சரோ, அந்தச் சந்தேகம் பிடிச்ச மனுசனோ?" என்று கேட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. உள்ளதைத்தானே சொல்லுகிறார்கள்.

சங்கக்கடையில் இருந்த காலம் முழுக்க, சீனி மூட்டையில் ஈரம் ஏற்றியிருக்கிறார்களா, தராசுத் தட்டின் அடியில் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே இவருக்கு அந்தக் குணம் ஊறிப்போனது. வேலையால் நின்ற பிறகு சந்தேகப்பட வீட்டில் ஓர் ஆள் வேண்டுமே, நான்தான் அகப்பட்டேன். நல்லெண்ணெய்ப் போத்தலில் எண்ணெய் நிற்கிற மட்டத்துக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டுவைப்பார். மண்ணெண்ணெய்க் கானில் கரியால் கோடு இழுத்துவைப்பார். "ஏன், என்னை நம்பேல்லையோ?" என்று கேட்டால், "உம்மை நம்புறன், போத்தலைத்தான் நம்பேல்லை" என்பார். பெண் பார்க்க வந்த அன்று, தேத்தண்ணி கொண்டுபோய் வைத்த என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "படத்திலை இருக்கிறது இவதானோ, தங்கச்சியோ?" என்று என் அப்பாவிடம் கேட்ட மனிதர். அப்போதே நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இவர் சந்தேகப்படாத பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இவருடைய மோட்டார் சைக்கிள். கறுப்பு நிறம், பழைய யப்பான் சாமான். "உதிலை ஒரு நட்டைக்கூட ஒருத்தரும் மாத்தேல்லை, எல்லாம் ஒறிஜினல்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவார். வீட்டுக்கு வரும் மனிதருக்கு உட்காரக் கதிரை இருக்கிறதோ இல்லையோ, அதற்குத் தாழ்வாரத்தில் நிழல் இருக்கும். சனிக்கிழமைகளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வேலணை தாண்டி, பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணத்துச் சந்தைக்குப் போய்வருவார். எனக்கும் அந்தப் பயணம் பிடிக்கும். நான் பக்கவாட்டில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு போவேன்.

போன மாரி முடிந்து, றோட்டெல்லாம் பள்ளமும் திட்டியுமாகக் கிடந்த தை மாதத்தில் அந்தச் சத்தம் வந்தது. தகரப் பேணிக்குள் இரண்டு புளியங்கொட்டையைப் போட்டு ஆட்டினால் வருமே, அப்படியொரு சத்தம். இவர் நிப்பாட்டினார், சத்தமும் நின்றது. ஓடினார், அதுவும் கூடவே வந்தது.

"மனோகரி, உமக்குக் கேக்குதோ?"

"கேக்குது."

"எங்கையிருந்து?"

"எனக்கென்ன தெரியும். நான் கடலைப் பாத்துக்கொண்டெல்லோ வாறன்."

"கடல் எங்கையும் போகாது. சத்தத்தைக் கவனியும்."

அன்றோடு என் நிம்மதி போனது. விடிந்தால் மோட்டார் சைக்கிளை முற்றத்தில் நிறுத்திவைத்து, ஒவ்வோர் இடமாக உள்ளங்கையால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். முதலில் இலக்கத் தகடு ஆடுகிறது என்று கண்டுபிடித்தார். பழைய சைக்கிள் ரியூபை வட்டமாக வெட்டி, தகட்டுக்கும் நட்டுக்கும் நடுவில் வைத்து இறுக்கினார். சத்தம் குறைந்தது. அடுத்த நாள் அதற்குப் பின்னால் ஒளிந்து நின்ற இன்னொரு சத்தம் முன்னுக்கு வந்தது. அது செயின் மூடி. அதற்கும் ஒரு ரியூப் துண்டு. பிறகு பக்கக் கண்ணாடி, பிறகு ஸ்பனர்கள் கிடக்கிற ஆயுதப்பெட்டி மூடி. சாவிக் கொத்தில் கிடந்த என் அலுமாரித் திறப்பைக்கூடக் கழற்றி என் கையில் தந்தார்.

கடைசியில் என் பக்கம் திரும்பினார். "உம்மடை காப்பைக் கழட்டும்."

"என்னத்துக்கு?"

"அதுதான் கிலுங்குதோ எண்டு பாக்கவேணும்."

காப்பில்லாத வெறுங்கையோடு பின்னால் ஏறிப் போனேன். சந்தியில் நின்ற சத்தியபாமா அக்கா என் கையைப் பார்த்துவிட்டு, முன்னால் இருந்த இவரையும் எட்டிப் பார்த்து, ஆள் உயிரோடு இருக்கிறார் என்று கண்ட பிறகுதான் மூச்சு விட்டா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சத்தம் காப்பில் இல்லை என்று தெரிந்ததும் இவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "அப்ப காப்பிலை இல்லை" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை. ஓடிக்கொண்டிருக்கும்போதே, "இடப்பக்க மூடியை அமத்தும்" என்பார், ஒரு கையால் அமத்துவேன். "இப்ப மக்காட்டை" என்பார், மற்றக் கையைப் பின்சக்கரத்துக்கு மேலே கொண்டுபோய் அமத்துவேன். பிடித்துக்கொள்ள எனக்கு மூன்றாவது கை இல்லை. பொத்தென்று ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது உயிர் போய் வரும்.

"பள்ளத்தைப் பாத்து ஓடுங்கோவன்."

"பள்ளத்தை விட்டவன் றோட்டுப் போட்டவன். தாரைக் களவெடுத்துப்போட்டாங்கள், அவங்களைப் போய்க் கேளும்."

அந்த நாட்களில் இவருக்குச் சந்தேகம் எல்லாப் பக்கமும் பரவிக்கொண்டு வந்தது. பேப்பர் எடுக்கிறதை நிப்பாட்டினார். முழுக்கப் பொய், ஏன் வாசிப்பான் என்றார். குசினிப் பல்ப்பைப் பார்த்து, வெளிச்சமில்லாத போலிச் சாமானை விற்றுப்போட்டான் என்று கடைக்காரனை ஏசினார். அரிசியில் கல்லே இல்லாதபோது கல் என்றார், கல் இருந்தபோது பல்லில் கடிபட்ட பிறகு சொன்னார். வயது போகப் போகக் குணம் முற்றுகிறது, வேறென்ன, என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மாசியில் தோற்றுப்போய் மோட்டார் சைக்கிளை அமலதாஸிடம் கொண்டுபோனார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கட்டை தள்ளி, ஊர்காவற்றுறை றோட்டோரத்தில் அவனுடைய கராச் இருக்கிறது. அமலதாஸின் ஆட்கள் எல்லாரும் கடற்றொழில்காரர். தமையன் கடலில் போய்த் திரும்பி வராததால், தாய் அந்தோனியம்மா மாதா கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கி இவனைக் கரையில் இருத்தினா. நல்ல பெடியன்தான், ஆனால் முன்கோபக்காரன். இன்றைக்குத் தாறன் என்றால் நாளைக்குத்தான் தருவான், ஏனென்று கேட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளுவான். இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்தால் எப்படியிருக்கும் என்று எனக்கு முதலே தெரியும்.

அமலதாஸ் எல்லாவற்றையும் இறுக்கித் தந்தான். சந்திவரை ஓடிக் காட்டினான். ஒரு சத்தமும் இல்லை. இவர் ஏறி ஓடிக்கொண்டு வந்தார், வீடு வந்து சேர முதல் சத்தம் வந்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோனார். அவன் ஓடினான், இல்லை. இவர் ஓடினார், வந்தது.

"அவன் ஓடினா வராது, நான் ஓடினா மட்டும் வரும். இதென்ன மந்திரமோ?" என்று இவர் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து யோசித்தார். அரைவாசிச் சோற்றில் கையை நிப்பாட்டிவிட்டு, "கண்டுபிடிச்சிட்டன்" என்றார். "அவன் என்ரை ஒறிஜினல் நட்டுகளைக் கழட்டி எடுத்துப்போட்டு, மலிவு நட்டுப் போட்டு விட்டிருக்கிறான். அதுதான் நிக்குதில்லை."

"சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ."

"பழைய யப்பான் நட்டுக்கு இப்ப எவ்வளவு தேவை எண்டு உமக்குத் தெரியுமோ?"

என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சந்தித் தேத்தண்ணிக் கடையில் போய், "அமலதாஸிட்டை வாகனம் விடுகிற ஆக்கள் கவனம், சாமான் மாத்துறான்" என்று சொல்லிவிட்டு வந்தார். தீவுக்குள் ஒரு கதை போக பஸ் தேவையில்லை. இரண்டு கிழமைக்குள் கராச் வாசலில் நிற்கிற வாகனங்கள் குறைந்துபோயின. மீன் கொண்டு வந்த அந்தோனியம்மா, பெட்டியை இறக்காமலே வாசலில் நின்று என்னிடம் கேட்டா: "பிள்ளை, உன்ரை மனுசன் சொல்லுறது உண்மையோ? அவனுக்குத் தொழில் போனா, அவன் பேந்தும் கடலுக்குத்தானே போவான்." என்ன சொல்ல? இவர் சொன்னதை இவரே திருப்பி எடுக்க வேண்டும், நான் எடுக்க ஏலாது.

"அப்ப நிரூபிச்சுப்போட்டுக் கதையுங்கோ. இல்லாட்டி அந்தப் பெடியனிட்டைப் போய் மன்னிப்புக் கேளுங்கோ" என்று நான் அன்றைக்குச் சத்தம் போட்டேன்.

நிரூபிக்கிறேன் என்றார். மகள் கஜாலினி லண்டனிலிருந்து வந்து நின்றபோது விட்டுவிட்டுப் போன நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூட்டெக்ஸ் போத்தல் ஒன்று அலுமாரியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினார். நான் கிணற்றடியில் முருங்கையிலை உருவிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். இடக்கை விரலால் நட்டைத் தொட்டுப் பிடித்து, வலக்கையால் அந்தச் சின்னத் தூரிகையைத் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நட்டுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்தார். சாமிப்படத்துக்குப் பொட்டு வைக்கிறபோதுகூட இவ்வளவு கவனம் இருக்காது.

"இனி ஒரு நட்டு மாறட்டும் பாப்பம்" என்றார். காய்ந்ததும், "கடைசியா ஒருக்காப் பாத்து இறுக்கித் தா" என்று அமலதாஸிடம் விட்டுவிட்டு வந்தார்.

அடுத்த நாள் காலமை இரண்டு பேருமாக றஜீபனின் ஓட்டோவில் போனோம். சண்டை வந்தால் விலக்க வேண்டுமே என்றுதான் நானும் போனேன். அங்கே ரயர் ஒட்ட வந்த இரண்டு பேர் வாசலில் கிடந்த வாங்கில் குந்தியிருந்தார்கள். றஜீபனும் போகாமல் நின்றான், வேடிக்கை வரும் என்று அவனுக்கு மணந்திருக்கும்.

இவர் ஏறி மதகடிவரை ஓடினார். அங்கே பள்ளத்தில் விழுந்தெழும்பினது எங்களுக்கும் கேட்டது. திரும்பி வரும்போது கிலுகிலு என்று சத்தத்தோடு வந்தார். இறங்கினார், குந்தினார், விரலை நீட்டி மக்காட் நட்டைத் தடவினார். அடுத்த நட்டையும் தடவினார். முகம் மாறியது.

"பொட்டு இல்லை" என்றார்.

"எது இல்லை அண்ணை?" அமலதாஸ் ஸ்பனரோடு வந்தான்.

"நட்டு நட்டாப் பொட்டு வைச்சுத்தான் உன்னட்டைத் தந்தனான். இதிலை ஒண்டிலையும் பொட்டு இல்லை. எங்கை என்ரை நட்டுகள்?"

"அண்ணை, வாயை அளந்து கதையுங்கோ. உங்கடை கறள் பிடிச்ச நட்டை வைச்சு நான் என்ன செய்ய, அவிச்சுத் தின்னவோ?"

"கள்ளனுக்குக் கதை வேறை."

அமலதாஸின் கையிலிருந்த ஸ்பனர் நிலத்தில் விழுந்தது. விழுந்ததோ எறிந்தானோ தெரியாது. வாங்கில் இருந்த ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினான். இது பேஸ்புக்கில் ஏறினால் பொழுது சாய முதல் லண்டன்வரை போய்விடும், அமலதாஸ் வாசலில் பிறகு ஒரு சைக்கிள்கூட நிற்காது என்று எனக்குத் தெரிந்தது. அந்தோனியம்மாவின் முகம் எனக்கு முன்னால் வந்தது.

"மனோகரி, வாரும். நான் பொட்டு வைக்கேக்கை நீர்தானே அங்கை நிண்டனீர். வந்து பாத்து உவைக்குச் சொல்லும்."

நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். நட்டில் பொட்டு இல்லைத்தான். நட்டுக்குப் பக்கத்தில், ஒரு விரல் அகலம் தள்ளி, கறுப்பு மக்காட்டில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. அடுத்த நட்டைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு விரல் தள்ளி. செயின் மூடியில் விளிம்பில் ஒன்று. என்ஜினுக்குக் கிட்ட, நட்டே இல்லாத ஓரிடத்தில் வட்டமாக, வடிவாக ஒன்று. எல்லாம் ஒரே பக்கமாகத்தான் விலகிக் கிடந்தன. அவசரத்தில் வைத்த பொட்டு ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பேப்பர் பொய்யில்லை. பல்ப்பில் பிழையில்லை. றோட்டுக்காரன் எவ்வளவு தாரைக் களவெடுத்தானோ, பள்ளம் எல்லாருக்கும் தெரிகிற பள்ளம்தான். அமலதாஸ் விலத்தி ஓடுகிறான், சத்தம் இல்லை. இவர் நேரே போய் விழுகிறார், இறுக்கினதெல்லாம் கழன்று சத்தம் வருகிறது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பக்கமும் கடல் கிடக்கிற பண்ணைப் பாலத்தால் என்னை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

"சொல்லுமன்" என்றார் இவர்.

உள்ளதைச் சொன்னால், ஊரையே சந்தேகப்பட்ட மனிதர் நாலு பேருக்கு முன்னால் கண் தெரியாதவராய் நிற்க வேண்டும், அதுவும் போனில் படமாக. சொல்லாவிட்டால் அமலதாஸ் கள்ளன். எனக்கு யோசிக்க நேரமில்லை. எழும்பி நின்றேன்.

"அமலதாஸ், இது அதே நட்டுத்தான். பொட்டு வைச்சது நான். இவர் வைக்கச் சொன்னவர், எனக்குக் கண் வடிவாத் தெரியாது, இடம் மாறி வைச்சிட்டன். இஞ்சை பாருங்கோ எல்லாரும், நட்டுக்குப் பக்கத்திலை கிடக்குது."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அமலதாஸும் குனிந்தான். றஜீபன்தான் முதலில் சிரித்தான். "அக்கா, ஒரு கண்ணாடியைப் போடுங்கோ. நாளைக்கு அண்ணையின்ரை தலையிலை குழம்பை ஊத்திப்போடுவியள்." வாங்கில் இருந்தவனும் சிரித்துக்கொண்டு போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

இவர் எழும்பவில்லை. குந்தினபடியே மறுபடி விரலை நீட்டினார். இந்த முறை நட்டிலிருந்து மெல்ல மெல்லப் பக்கத்துக்குக் கொண்டுபோனார். விரல் காய்ந்த பொட்டில் முட்டி நின்றது. எடுக்கவில்லை. அடுத்த நட்டுக்குப் போய், அங்கேயும் அப்படியே தடவிப் பார்த்தார். வேர்வை காதடியால் இறங்கியது.

பொட்டு வைத்தது யார் என்று இவருக்குத் தெரியும். நான் கிணற்றடியில் நின்றதும் தெரியும். ஒரு வார்த்தை கூடவோ குறையவோ பேசினால் விடாத மனிதர், என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் பயந்துகொண்டு நின்றேன்.

"ஓம்" என்றார். "அவதான் வைச்சவ. தம்பி, பிழை என்னிலை."

அமலதாஸுக்கு அது போதவில்லை. "இஞ்சை சொன்னாக் காணாது அண்ணை. தேத்தண்ணிக் கடையிலை சொன்னதை அங்கை போய்த்தான் எடுக்கவேணும்."

"போய்ச் சொல்லுறன்."

"இண்டைக்கே?"

"இண்டைக்கே."

இவர் மோட்டார் சைக்கிளை உதைக்கப் போனார். நான் திறப்பை உருவி எடுத்து என் கைப்பையில் போட்டேன். "உருட்டிக்கொண்டு வாங்கோ, நடப்பம்" என்றேன். ஏன் என்று இவர் கேட்கவில்லை. றஜீபன், ஓட்டோவில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டான். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

கராச் கண்ணுக்கு மறையும்வரை நடந்தோம்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"கார்த்திகையிலையிருந்து. இடக்கண்ணுக்குப் புகை அடிச்ச மாதிரிக் கிடந்தது. பேந்து மற்றதுக்கும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா மோட்டச்சைக்கிளை எடுக்க விடமாட்டீர்."

"அப்ப என்னை ஏத்திக்கொண்டு பண்ணையாலை போனனீங்களே?"

"அதாலைதான் மெல்ல ஓடினனான்" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. நடுறோட்டில் நின்று ஏசினேன். கடலுக்குள் விழுந்திருந்தால் பிள்ளைக்கு யார் சொல்லுறது என்று கேட்டேன். ஒரு தாயின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டீர்களே என்று கேட்டேன். உலகத்தில் உள்ள அத்தனை பேரிலும் பிழை பிடித்தீர்கள், சொந்தக் கண்ணில் ஒரு சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன்.

"வந்தது" என்றார். "அதுதான் பயமாக் கிடந்தது."

திங்கட்கிழமை கண்ணாஸ்பத்திரிக்குப் போகிறோம், ஒரு கதையும் வேண்டாம் என்றேன். "அவங்கள் சும்மா கிடக்கிற கண்ணையும் வெட்டச் சொல்லுவாங்கள்" என்று முணுமுணுத்தார். நான் பார்த்த பார்வை இவருக்குத் தெரிந்திராது, ஆனாலும் வாயை மூடிக்கொண்டார்.

வளைவுக்கு அங்காலே பெரிய இரைச்சல் கேட்டது. இவர் நின்றார். கண்ணை இடுக்கிக்கொண்டு முன்னால் பார்த்தார்.

"என்ன வருகுது?"

"உழவு மெசின். பள்ளத்தை விலத்தி எங்கடை பக்கத்தாலை வாறான். இடப்பக்கம் ஒதுங்குங்கோ."

ஒரு அடி ஒதுங்கினார்.

"காணாது. இன்னும் வாங்கோ."

"அதிலை வாய்க்கால் எல்லோ கிடக்குது?"

"இல்லை, இடம் இருக்கு."

இவர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். காலை நீட்டித் தடவிப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டு, மோட்டார் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி, நான் சொன்ன பக்கத்துக்கு நேரே கால் வைத்தார்.